லட்சக்கணக்கான வரிசை உள்ள எக்செல் ஷீட்டை எதில் ஏற்றுவது? அக்சஸ், எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்: ஓர் ஒப்பீடு

சென்னைப் பாரிமுனையில் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, மூர் தெரு என்று எதில் நுழைந்தாலும் மாடிக்கு மாடி கிளியரிங் ஏஜென்ட்டும் கன்டெய்னர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸும்தான். துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்து யார்டுகளுக்கும் நடுவே ஓடும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் எங்கோ ஓர் எக்செல் ஷீட்டில் ஒரு வரிசை ஏறுகிறது. கன்டெய்னர் நம்பர், வண்டி நம்பர், யார்டுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், எடை, பார்ட்டி பெயர், பில் தொகை. வருஷக்கணக்காக இப்படியே கீழே கீழே சேர்த்துக்கொண்டு போனால், ஒருநாள் ஃபைலைத் திறக்கவே டீ குடித்துவிட்டு வரவேண்டியிருக்கும். ஃபில்டர் போட்டால் திரை வெளுத்து நிற்கும். "பேசாம டேட்டாபேஸுக்கு மாத்திடலாம் சார்" என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

மாற்ற உட்கார்ந்தால் அக்சஸ், எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று நாலைந்து டேட்டாபேஸ் மென்பொருள்கள் தெரியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எது சுலபமாக ஏற்றிக்கொள்ளும் என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. தப்பான மதிப்பு வரும்போது எந்த மென்பொருள் வாயைத் திறந்து சொல்கிறது, எது சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் அளவுகோல். பாதியில் நின்று எரர் காட்டும் மென்பொருள் உங்களைக் காப்பாற்றுகிறது. "வெற்றிகரமாக முடிந்தது" என்று சொல்லிவிட்டு ஆயிரம் வரிசைகளைக் காலியாக வைத்திருப்பதுதான் ஆபத்து.

இது சின்ன ஆபீஸ்களின் பிரச்சினை மட்டுமில்லை. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த ஃபைல்களைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குள் இழுத்திருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை உள்ளே போகவே இல்லை. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் வரம்பு 10,48,576. ஆனால் பழைய டெம்ப்ளேட்டையே வருஷாவருஷம் காப்பி எடுத்து ஓட்டும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஷீட் 65,536-ஆவது வரிசையில் கச்சிதமாக முடிகிறதென்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை விசாரியுங்கள்.

கோளாறு பெரும்பாலும் ஷீட்டில்தான்

எந்த டேட்டாபேஸை எடுத்தாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறேன்.

சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. அதை 5/12 என்று கட்டத்தில் அடித்தால் எக்செல் அதை ஒரு தேதியாக எடுத்துக்கொள்ளும். திரையில் 05-டிசம்பர் அல்லது 12-மே என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஐந்து இலக்கத்தில் ஓர் எண். டேட்டாபேஸில் ஏற்றினால் பார்ட்டியின் கதவு எண் அந்த ஐந்து இலக்க எண்ணாகப் போய் உட்காரும். 76/140 போன்ற எண்கள் தேதியாக முடியாது என்பதால் அப்படியே எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி எண்ணும் பாதி எழுத்தும் கலந்துவிட்டது பாருங்கள். ஏற்றும் மென்பொருள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தேதிகளிலும் இதே கதைதான். நாம் நாள்/மாதம்/வருஷம் என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்க முறையில் இருந்தால் 05/06/2024 என்பது மே 6 ஆகிவிடும். 25/06/2024-ஐ அதனால் தேதியாகப் படிக்க முடியாது, எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. அந்த நெடுவரிசையில் யாரும் கைவைத்து மாற்றிய அலைன்மென்ட் இருந்தால் நீக்கிவிட்டு மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். தேதியாக ஏறியவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நின்றவை இடப்பக்கம். 1 முதல் 12 வரையான நாட்கள் எல்லாம் வலது, 13 முதல் எல்லாம் இடது என்றால், வலப்பக்கம் நிற்பவைதான் தப்பு. பார்ப்பதற்கு ஒழுங்காக இருப்பவைதான் மாறிப்போனவை.

அடுத்தது எண் மாதிரி தெரியும், எண் இல்லாத விஷயங்கள். காசிமேட்டு இறாலுக்கும் மீனுக்கும் சுங்கக் குறியீடு 03-ல் தொடங்கும், மிளகு, மிளகாய்க்கு 09-ல். எக்செல் முன்னால் இருக்கும் சுழியைத் தின்றுவிடும், எட்டு இலக்கக் குறியீடு ஏழாகும். சரக்கு கொண்டுபோக எடுக்கும் இ-வே பில்லின் நம்பர் 12 இலக்கம். ஜெனரல் ஃபார்மேட்டில் அதை 1.23457இ+11 என்ற மாதிரிதான் எக்செல் காட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி-யாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் எழுத்து ஃபைலாக) சேவ் செய்தால், திரையில் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும். ஆயிரக்கணக்கான பில்களின் கடைசி இலக்கங்கள் ஒரே நொடியில் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணாக இருந்தால் அடிக்கும்போதே 16-ஆவது இலக்கம் சுழியாகிவிடும். அதை மீட்கவே முடியாது, மூல ஆவணத்தைப் பார்த்து மறுபடி அடிக்கவேண்டியதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்ட்டலிலிருந்து காப்பி செய்து ஒட்டிய பெயர்களில் சாதாரண ஸ்பேஸ் போலவே தோன்றும் வேறொரு ஸ்பேஸ் இருக்கும், ட்ரிம் ஃபார்முலா அதை நீக்காது. முகவரிக்குள் ஆல்ட்+என்டர் அடித்திருந்தால் ஒரு வரிசை இரண்டாக உடையலாம். மெர்ஜ் செய்த கட்டங்களில் முதல் கட்டத்தில் மட்டும்தான் மதிப்பு இருக்கும், மற்றவை காலி. நடுநடுவே மாதக் கூட்டுத்தொகை வரிசைகள் இருந்தால் மொத்தம் இரட்டிப்பாகும். 1,25,000 என்று காற்புள்ளியோடு எழுத்தாக அடித்த தொகையைப் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் சரியான எண்ணாக ஏற்காது.

சி.எஸ்.வி-யாக மாற்றுவது

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உண்மையில் எக்ஸ்எம்எல் என்ற வகை எழுத்து ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப். வெளியே 40 எம்பி என்று தெரிவது, விரிந்தால் பல மடங்காகும். நேரடியாக ஏற்ற முயலும்போது 4 ஜிபி ராம் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டர் திணறுவது இதனால்தான். ஆகவே சி.எஸ்.வி-யாக மாற்றி ஏற்றுவதே எல்லா வழிகளுக்கும் பொதுவான நல்ல வழி.

மாற்றும் முன் தேதி நெடுவரிசைகளுக்கு வருஷம்-மாதம்-நாள் என்ற ஃபார்மேட் கொடுங்கள். நீண்ட எண்களுக்கு தசமம் இல்லாத எண் ஃபார்மேட் கொடுங்கள். சேவ் செய்யும்போது சி.எஸ்.வி யூ.டி.எஃப்-8 என்ற தேர்வை எடுங்கள். வெறும் சி.எஸ்.வி எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். லிப்ரே ஆபீஸ் கால்க் இந்த வேலைக்கு எக்செலைவிட நன்றாக இருக்கிறது. எழுத்துக் கட்டங்களை எல்லாம் மேற்கோள் குறிக்குள் போடலாமா என்று அது கேட்கும். ஆம் என்றால் முகவரியில் இருக்கும் காற்புள்ளிகள் தொல்லை தராது.

சி.எஸ்.வி உருவானபின் சரியாக வந்ததா பார்க்க அதை எக்செலிலேயே டபுள்கிளிக் செய்து திறக்காதீர்கள். திறந்து சேவ் செய்தால் சுழி போவதும் தேதி மாறுவதும் மறுபடி முதலிலிருந்து நடக்கும். நோட்பேடில் பாருங்கள்.

அக்சஸ்

பல ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே இருக்கும், மவுஸாலேயே எல்லாம் செய்யலாம். அதனால் பெரும்பாலோர் முதலில் போவது இங்கேதான். சில ஆயிரம் வரிசைகளுக்குக் குறையே இல்லை. பெரிய ஷீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இம்போர்ட் விசார்ட் ஒவ்வொரு நெடுவரிசையிலும் முதல் எட்டு வரிசைகளைப் பார்த்து, அது எண்ணா எழுத்தா தேதியா என்று ஊகிக்கிறது. நம் கதவு எண் நெடுவரிசையில் முதல் எட்டும் 12, 45, 7 என்று இருந்தால் அது எண் என்று முடிவாகிவிடும். பிறகு 22ஏ என்று ஒன்று வந்தால் அந்தக் கட்டம் காலியாகிவிடும். எரர்களை ஒரு தனி டேபிளில் எழுதி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்றி முடித்த சந்தோஷத்தில் அந்த டேபிளைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அக்சஸ்தான் ஒரே வழி என்றால், எல்லா நெடுவரிசையும் ஷார்ட் டெக்ஸ்ட் ஆக ஒரு டேபிளை முதலில் நீங்களே உருவாக்கி, அதற்குள் அப்பெண்ட் செய்யுங்கள், அதாவது இருக்கும் டேபிளோடு சேருங்கள். 255 எழுத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் இருந்தால் அந்த நெடுவரிசைக்கு மட்டும் லாங் டெக்ஸ்ட்.

மொத்த ஃபைலுக்கு 2 ஜிபி வரம்பு, ஒரு டேபிளுக்கு 255 நெடுவரிசை வரம்பு. பெரிய அப்டேட் ஓட்டினால் ஃபைல் லாக் எண்ணிக்கை மீறிவிட்டது என்று நிற்கும், அந்த வரம்பு இயல்பாக 9,500. அதை ரெஜிஸ்ட்ரியில் கூட்டலாம். ஆனால் மாதாமாதம் ஃபைல் வளரும் இடத்தில் வரம்போடு மல்லுக்கட்டுவது நல்ல தேர்வு இல்லை.

எஸ்க்யூலைட்

ஒரே கம்ப்யூட்டரில், ஒருவரோ இருவரோ பார்க்கும் கணக்கு என்றால் இதைத்தான் சொல்வேன். இலவசம். சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். டிபி பிரவுசர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் எக்செல் போலவே கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். சில லட்சம் வரிசை அதற்குப் பெரிய விஷயமே இல்லை.

அதன் குணம் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். எண் என்று அறிவித்த நெடுவரிசையில் எழுத்து வந்தாலும் அது மறுக்காது, வாங்கி வைத்துக்கொள்ளும். என் அளவுகோலின்படி இது பெரிய குறைதான். அதை அடைக்க வழியும் இருக்கிறது. 2021-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து டேபிளை ஸ்ட்ரிக்ட் என்று அறிவிக்கலாம், அப்போது தப்பான வகை வந்தால் மறுத்துவிடும். முதலில் எல்லாம் டெக்ஸ்ட் ஆக ஒரு தற்காலிக டேபிளை உருவாக்கி சி.எஸ்.வி-யை அதில் இறக்குங்கள். சரிபார்த்தபின் ஸ்ட்ரிக்ட் டேபிளுக்கு மாற்றுங்கள். டேபிளை நீங்களே உருவாக்குவது முக்கியம். அதை மென்பொருளின் ஊகத்துக்கு விட்டால் 03-ன் சுழிக்கு உத்தரவாதம் இல்லை.

ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்துக்கு இது சரிவராது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஃபைலை நெட்வொர்க் ஷேர் ஃபோல்டரில் வைத்து எல்லோரும் திறப்பது டேட்டாவே கெட்டுப்போகக்கூடிய ஏற்பாடு, அதை எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

மைஎஸ்க்யூஎல்

வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு ஹோஸ்டிங்கோடு சேர்ந்தே கிடைப்பதால் இது பரவலாக இருக்கிறது. கூடவே, டேட்டாபேஸை பிரவுசரிலேயே கையாளும் பிஎச்பிமைஅட்மின். முதல் முட்டுக்கட்டை அங்கேதான் வரும். அது ஓடும் பிஎச்பி மொழியில் அப்லோடு வரம்பு இயல்பாக 2 எம்பி, போஸ்ட் வரம்பு 8 எம்பி. ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்றும் ஆட்களைப் பார்க்கிறேன். வெட்டிய இடத்தில் ஒரு வரிசை இரண்டு முறை ஏறியதா, ஏறாமலே போனதா என்று பிறகு யாருக்கும் தெரியாது. பிரவுசர் வழியை விட்டுவிட்டு லோட் டேட்டா இன்ஃபைல் கட்டளைக்குப் போவதே நல்லது. வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை.

ஆனால் நிதானம் வேண்டும். 8.0 பதிப்பிலிருந்து, நம் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலை எடுக்கும் லோக்கல் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், அதை சர்வர், நம் கம்ப்யூட்டர் என்று இரண்டு பக்கமும் இயக்கவேண்டும். இயக்கியபின்தான் உண்மையான சிக்கல். லோக்கல் முறையில் ஏற்றும்போது, தப்பான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு இருந்தாலும், மதிப்பில் உள்ள எரர்கள் வார்னிங்குகளாக இறங்கிவிடும். புரியாத தேதி சுழிசுழியாக ஏறும், நீளமான பெயர் வெட்டுப்படும், ஏற்றம் நிற்காது. கடைசியில் ஒரே வரியில் இத்தனை வார்னிங் என்று ஒரு எண் வரும். அந்த எண் சுழியாக இல்லாவிட்டால் ஷோ வார்னிங்ஸ் போட்டுப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பட்டியலும் 8.0-ல் இயல்பாக 1,024-க்கு மேல் காட்டாது.

இன்னொன்று, விண்டோஸில் உருவான சி.எஸ்.வி-யில் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளோடு முடியும். கட்டளையில் அதைச் சொல்லாவிட்டால் முதல் குறி கடைசி நெடுவரிசையின் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். கடைசி நெடுவரிசை பணம் வந்ததா என்ற நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் "வந்தது" என்றே தெரியும். ஆனால் "வந்தது" என்று தேடினால் ஒரு வரிசைகூட அகப்படாது. ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று மென்பொருளைத் திட்டுபவர்கள் முதலில் இதைப் பார்க்கவேண்டும்.

போஸ்ட்கிரெஸ்

நிறுவுவது கொஞ்சம் வேலை. கற்றுக்கொள்ள மற்றதைவிட நேரம் பிடிக்கும். ஆனால் என் அளவுகோலில் முதலிடம் இதற்குத்தான். ஃபைலை டேபிளில் ஏற்றும் காப்பி கட்டளையில் ஒரே ஒரு மதிப்பு தப்பாக இருந்தாலும் மொத்த ஏற்றத்தையும் மறுத்துவிடும். எந்த வரி, எந்த நெடுவரிசை, என்ன மதிப்பு என்று சொல்லி நிற்கும். இரண்டு லட்சமாவது வரியில் "1,25,000" எண் இல்லை என்று அது நிற்கும்போது கோபம் வரும். அந்தக் கோபம் அன்றோடு முடிந்துவிடும். விழுங்கப்பட்ட தப்போ ஆடிட்டர் வந்து கேட்கும்வரை உள்ளேயே கிடக்கும்.

இங்கேயும் அதே முறைதான். எல்லாம் டெக்ஸ்ட் ஆக ஒரு இடைக்கால டேபிள், அதில் ஏற்றம், பிறகு டேட்டாபேஸுக்குள்ளேயே மாற்றம். தேதியை நாள்/மாதம்/வருஷம் என்று நாமே முறை சொல்லி மாற்றலாம், ஊகமே கிடையாது. 2024-ல் வந்த 17-ஆவது பதிப்பில் தப்பான வரிசைகளைத் தாண்டிப் போகும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். பில் கணக்குக்கு அதைத் தொடாதீர்கள்.

ஃபைல் இல்லை, அனுமதி இல்லை என்று எரர் வந்தால் பயப்பட வேண்டாம். காப்பி கட்டளை சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஃபைலைத் தேடுகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல் என்றால், போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைத் திரையில் பேக்ஸ்லாஷ் போட்டு அதே கட்டளையைக் கொடுங்கள்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் ஏற்றும் நிரலை எழுதித் தருகிறேன் என்று ஒரு தம்பி வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாதாமாதம் அதே வடிவத்தில் ஃபைல் வரும் இடத்துக்கு அது பொருத்தம். எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள். அவர் போனபின் அதை ஓட்ட ஆபீஸில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

பழைய ஃபான்ட் இருந்தால்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பல கடைகளில் வாடிக்கையாளர் பட்டியல் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததாக இருக்கும். அந்த ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அது தமிழ். டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது தாறுமாறான ஆங்கில எழுத்துகள்தான். எந்த என்கோடிங் அமைப்பை மாற்றினாலும் அது சரியாகாது. ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றியாகவேண்டும். ஒரே கட்டத்தில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமும் கலந்திருந்தால், மாற்றும் மென்பொருள் ஆங்கிலப் பகுதியையும் சேர்த்துக் குதறிவிடும். ஆகவே பெயர் நெடுவரிசையை மட்டும் தனியாக எடுத்து மாற்றி, கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஏற்றியபின் ஒத்துப் பார்ப்பது

எதில் ஏற்றினாலும் அன்றைக்கே செய்யவேண்டிய வேலை இது. ஷீட்டில் எத்தனை வரிசை, டேபிளில் எத்தனை வரிசை. எடையின் கூட்டுத்தொகை, பில் தொகையின் கூட்டுத்தொகை இரண்டிலும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா. மிகப் பழைய தேதி எது, மிகப் புதிய தேதி எது. வருங்காலத் தேதி ஒன்று இருந்தாலும் நாளும் மாதமும் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கன்டெய்னர் ஆபீஸ்களுக்கு இன்னொரு வசதி உண்டு, அதைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு கன்டெய்னர் நம்பரிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 6346 தரம் அதற்கான கணக்கைச் சொல்கிறது. ஏ-வுக்கு 10 என்று தொடங்கி, 11-ன் மடங்குகளை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளுக்கு மதிப்பு கொடுக்கவேண்டும். பிறகு இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியை எடுக்கவேண்டும். மீதி 10 என்றால் 0. சிஎஸ்க்யூயூ 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6,185, மீதி 3, ஆகவே கடைசி இலக்கம் 3. இதை டேட்டாபேஸில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், ஏற்றும்போது கெட்டவை மட்டுமில்லாமல், கேட்டில் அடிக்கும்போதே ஓர் இலக்கம் மாறிப்போன பழைய வரிசைகளும் பெரும்பாலும் அகப்படும். அவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, டிரிப் ஷீட்டோடு உட்கார்ந்து திருத்தி முடியும்வரை பழைய எக்செல் ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கி அப்படியே வைத்திருங்கள்.